காப்பிச் செடிகளில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான்: ஆலோசனை தேவை

திண்டுக்கல் மாவட்டம் தாண்டிக்குடி அருகே எங்களுக்கு இரண்டு ஏக்கர் அரபிகா காப்பித் தோட்டம் உள்ளது, ரகம் எஸ்.795, வயது 14. இரண்டு ஆண்டுகளாகச் செடிகளின் இலைகள் மஞ்சளாகி, தண்டில் மோதிரம் போல வரிகள் புடைக்கின்றன. ஒன்றைப் பிளந்து பார்த்தபோது, துளை முழுவதும் மரத்தூள் இறுகியிருக்க, நடுவே வெளிர்ப்புழு நெளிந்தது; இது வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்னும் வண்டின் புழு. இதுவரை 60 செடிகளைப் பிடுங்கி எரித்துவிட்டோம். அவை நான் என் கையால் நட்டவை. தளர்ந்த பட்டையைத் தேங்காய் நாரால் தேய்த்து அகற்றி, ஏப்ரலில் 10 சதவீதச் சுண்ணாம்புக் கரைசலைத் தண்டிலும் தடித்த கிளைகளிலும் தெளித்தோம். வண்டுகளை வாசனையால் ஈர்த்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறிகளும் வைத்தோம். ஆயினும், 2018 கஜா புயலில் நிழல் மரங்கள் சாய்ந்து, பிற்பகல் வெயில் நேராக விழும் மேற்குச் சரிவில் பாதிப்பு கூடிக்கொண்டே போகிறது. நிழலுக்காகச் சென்ற ஆண்டு நட்ட கல்யாண முருங்கை இன்னும் கவியவில்லை.

வண்டுகள் மீண்டும் பறக்கும் அக்டோபருக்குள், அச்சரிவுச் செடிகளை முழுவதும் அகற்றுவதா, சுண்ணாம்பு தெளித்துக் காப்பாற்ற முயல்வதா?