காந்தம்: இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?

முலுண்ட்_அப்பா:
மகள் நான்காவது படிக்கிறாள். இங்கே பள்ளியில் மராத்தியில் லோஹசும்பக் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், இரும்பை முத்தமிடுவது என்று பொருள், அழகாகத்தான் இருக்கிறது. நேற்று பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை, கட்டட வேலைக்குக் கொட்டிய மணலில் இழுத்துக்கொண்டிருந்தவள், கருப்புத் துகள் முள்முள்ளாக ஒட்டியதைக் காட்டி "நம்ம சொல்லுக்கு என்னப்பா அர்த்தம்?" என்றாள். முழித்தேன். கண் காந்துகிறது, சோறு அடிப்பிடித்த காந்தல் என்கிறோமே, அதிலிருந்து வந்ததா?

செம்பூர்_மீனா:
இல்லைங்க, அந்தக் காந்து சூட்டையும் எரிச்சலையும் சொல்கிற தமிழ் வினை. இது வடமொழி அயஸ்காந்தத்தின் பின்பாதி. அயஸ் என்றால் இரும்பு, காந்த என்றால் பிரியமானது; இலட்சுமிகாந்தன் என்று பெயர் வைக்கிறோமே, அதே காந்தன்தான். ஆக, இரும்புக்குப் பிரியமான கல். கன்னடத்தில் இன்றும் முழுசாக அயஸ்காந்த என்கிறார்கள், நாம் இரும்பைக் கழற்றிவிட்டுப் பிரியத்தை மட்டும் வைத்துக்கொண்டோம், எனக்கு இந்தச் சொல் பிடித்ததே அதனால்தான்.

தாராவி_குமார்:
மேக்னெட் வெறும் ஊர்ப்பெயர். கிரேக்கர்கள் மக்னீசியாக் கல் என்றார்கள். அது கிரேக்கத்துத் தெசாலிப் பக்கமா, இன்றைய துருக்கியின் மனிசாவா என்பதில் இரண்டு கட்சி உண்டு. மாக்னெஸ் என்ற இடையனின் செருப்பாணி பாறையில் ஒட்டிக்கொண்டதாக முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியதைக் கதையாகவே சொல்லுங்கள். சீனத்தில் பழைய பெயர் அன்புக் கல். பிரியம், முத்தம், அன்பு என்று இத்தனை பேர் ஒரே மாதிரி நினைத்திருக்கிறார்கள் பாருங்கள்!

மாட்டுங்கா_வைத்தியம்:
மீனா சொன்னதோடு ஒன்று. பழைய ரசவாத நூல்கள் காந்தத்தை ஐந்தாகப் பிரிக்கும்: இரும்பைச் சுழற்றுவது பிராமகம், ஒட்டிக்கொள்வது சும்பகம், இழுப்பது கர்ஷகம், உருக்குவது திராவகம், அப்புறம் உடைத்தால் மயிர் சிலிர்த்ததுபோல் தெரிவது ரோமகம். மராத்தியின் சும்பக் அதில் ஒன்றுதான், அதனால் இரண்டு சொல்லும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

முலுண்ட்_அப்பா:
எல்லாருக்கும் நன்றி. ரோமகம் என்றதும் காந்தத்தை எடுத்துவந்து விரலால் நீவினாள், துகள்கள் படிந்து மறுபடி எழுந்து நின்றன. நோட்டில் ஐந்து பெயரையும் எழுதிவைத்திருக்கிறாள், நாளைக்கு டீச்சரிடம் காட்டவேண்டுமாம்.