பார்க் மேனேஜ்மென்ட் படிக்க ஆசை, வீட்டில் சிரிக்கிறார்கள்

கெடிலக்கரை எழுதியது:

வணக்கம். கடலூரில் பி.எஸ்சி. தாவரவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்து என்ன என்று வீட்டில் தினம் ஒரு பஞ்சாயத்து. அம்மா பி.எட். என்கிறார், அப்பா பேங்க் பரீட்சை என்கிறார். நான் ‘ரிக்ரியேஷன் அண்டு பார்க் மேனேஜ்மென்ட்’, அதாவது பூங்காக்களையும் பொழுதுபோக்கு இடங்களையும் நிர்வகிக்கும் படிப்பு என்று சொன்னேன். பக்கத்தில் இருந்த மாமா, “பார்க்குல போய் உட்காரவா ஒரு டிகிரி?” என்று கேட்டார். அன்றிலிருந்து வீட்டில் என் பெயரே பார்க்கு.

இந்த ஆசை வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் நகரில் ஒரு பூங்கா இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் புதுப்பித்தார்கள். சுற்றிலும் டைல்ஸ் நடைபாதை, நடுவில் புல்தரை, ஓரத்தில் குரோட்டன்ஸ், நான்கு சிமென்ட் பெஞ்சுகள். பஸ் நிறுத்தம் ஒரு மூலையில், ரேஷன் கடை எதிர் மூலையில். பையோடு வருகிறவர்கள் யாரும் டைல்ஸில் சுற்றிப் போகவில்லை. புல்லைக் குறுக்கே வகிர்ந்துகொண்டு ஒரு செம்மண் ஒற்றையடிப் பாதை விழுந்துவிட்டது. முள்ளை வெட்டிப் போட்டார்கள். பாதை இரண்டடி தள்ளிப் போனது. ‘புல்லில் நடக்காதீர்’ என்று போர்டு வைத்தார்கள். இப்போது அந்தப் போர்டில் ரேஷன் பையை மாட்டிவிட்டு இளைப்பாறுகிறார்கள்.

தாத்தாவுக்காகத்தான் பெஞ்ச் போட்டார்கள் என்று நினைத்தேன். அவர் அதில் உட்கார்ந்தே பார்க்கவில்லை. நான்கு பெஞ்சும் மேற்கு வெயிலுக்கு நேராக இருக்கின்றன, சாயங்காலம் ஐந்து மணிக்குக்கூடச் சுடும். கேட்டுக்கு வெளியே புங்கமரத்தடியில் ஒரு மதகு இருக்கிறது. அதன் கட்டையில் தாத்தாவின் செட் மொத்தமும் உட்கார்ந்திருக்கும். உள்ளே ஆள் இல்லை, வெளியே இடம் இல்லை. அதோடு காலை பத்திலிருந்து மாலை நான்குவரை கேட்டைப் பூட்டிவிடுவார்கள். நிழல் தேவைப்படுகிற நேரமே அதுதான்.

கல்லூரி புராஜெக்டுக்காக ஒரு மாதம் நோட்டுப் புத்தகத்தோடு அங்கே போய், யார் எப்போது வருகிறார்கள், எங்கே உட்காருகிறார்கள், எப்போது எழுந்து போகிறார்கள் என்று எழுதினேன். பின் மூலையில் விளக்கு எரியாது. ஆறரை ஆனால் பெண்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிவிடுவார்கள். நோட்டைப் புரட்டிப் பார்த்த பேராசிரியர், வெளிநாட்டில் இது தனிப் படிப்பே என்றார். தேடினேன். கிளெம்சன், நார்த் கரோலினா ஸ்டேட், டெக்சாஸ் ஏ அண்டு எம், பென் ஸ்டேட் என்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வரிசையாக வந்தன.

நம் ஊரில் இதைப் படிக்க முடியுமா? படித்துவிட்டு வந்தால் வேலை உண்டா? தாவரவியல் வைத்துக்கொண்டு இதில் சேரலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லாஸ்பேட்டை எழுதியது:

தங்கச்சி, நான் இதே துறையில் அமெரிக்காவில் எம்.எஸ். முடித்தவன், பாண்டிக்காரன். முதலில் உன் மூன்றாவது கேள்வி. சேரலாம். என் வகுப்பில் வரலாறு படித்தவரும் இருந்தார், கூடைப்பந்து ஆடி வந்தவரும் இருந்தார்.

ஆனால் செடிகொடி படிக்கலாம் என்று போனால் ஏமாந்துவிடுவாய். மரத்தைப் பற்றி நான் அங்கே படித்தது கொஞ்சம்தான். பட்ஜெட், சட்டப் பொறுப்பு, புள்ளியியல், சர்வே எடுப்பது, மனிதன் ஓய்வு நேரத்தில் ஏன் இதைச் செய்கிறான் அதைச் செய்வதில்லை என்கிற சமூகவியல், இவைதான் பாதிக்கு மேல். நீ நோட்டில் எழுதியதுதான் பாடம் என்று வைத்துக்கொள்.

ஒரு உதாரணம். பாரடைஸ் பீச்சுக்குச் சுண்ணாம்பாறு படகுத்துறையில் ஞாயிற்றுக்கிழமை நிற்கும் வரிசையைப் பார்த்திருப்பாய். ஒரு நாளைக்கு எத்தனை பேரை விடலாம் என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. அமெரிக்காவிலும் பல வருடம் அந்தக் கேள்வியில்தான் மாட்டிக்கொண்டு நின்றார்கள். 1985-ல் அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்கள் கேள்வியையே மாற்றினார்கள். இந்த இடத்தில் எந்த மாற்றத்தை எவ்வளவு தூரம் பொறுத்துக்கொள்ளலாம் என்பதை முதலில் முடிவு செய், அந்த அளவைத் தொடர்ந்து அளந்துகொண்டே இரு, தாண்டினால் என்ன செய்வாய் என்று இப்போதே எழுதி வை. மணலில் குப்பை, சவுக்கு வேர் வெளியே தெரிவது, படகுக்குக் காத்திருக்கும் நிமிடம், எதை வேண்டுமானாலும் அளவுகோலாக வைக்கலாம். இந்த ஒரு யோசனைக்காகவே நான் போனது வீண் இல்லை என்று நினைப்பேன்.

அப்புறம் இன்டர்ன்ஷிப். அங்கீகாரம் பெற்ற இளங்கலைப் படிப்புகளில் 400 மணி நேரம் என்று வைத்திருப்பார்கள். முதுகலையில் எனக்குக் கட்டாயம் இல்லை, இருந்தும் ஒரு கவுன்டி பூங்காவில் சேர்ந்தேன். முதல் வாரம் முழுக்க ஊஞ்சல் சங்கிலி பார்க்கும் வேலை. சங்கிலியை மாட்டுகிற எஸ் கொக்கி இருக்கிறதே, அதன் வாய் 0.04 அங்குலத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது. அளப்பதற்குக் கருவி தேவையில்லை, பத்து சென்ட் நாணயம் ஏறக்குறைய அந்தக் கனம்தான். நாணயம் உள்ளே போனால் அன்றைக்கு அந்த ஊஞ்சல் கிடையாது. குழந்தையின் சட்டைக் கயிறு அதில் மாட்டும். பிறகு கீழே போட்ட மரச்சில்லின் ஆழம். ஒன்பது அங்குலம் இருந்தால் பத்தடி உயரத்திலிருந்து விழுவதைத் தாங்கும். அதே ஒன்பது அங்குலம் மணல் என்றால் நான்கடிதான். நம் ஊரில் சறுக்குமரத்தின் அடியில் சிமென்ட் தளம் போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

பணம்: அசிஸ்டன்ட்ஷிப் (பேராசிரியருக்குப் பாடத்திலோ ஆய்விலோ உதவிச் சம்பளம் வாங்குவது) கிடைத்துக் கட்டணம் தள்ளுபடி ஆனால் மட்டும் போ. கடன் வாங்கிப் போகாதே. அங்கே தேசியப் பூங்கா வேலைக்கு அநேகமாகக் குடியுரிமை கேட்பார்கள். நகராட்சிப் பூங்காக்காரர்கள் விசா பேப்பர் வேலைக்கெல்லாம் அசைய மாட்டார்கள். திரும்பி வந்து நான் ஏறி இறங்கிய எந்த அலுவலகத்திலும் என் பட்டத்தின் பெயர் அவர்கள் பட்டியலில் இல்லை. இப்போது ஈ.சி.ஆரில் ஒரு ரிசார்ட்டில் இருக்கிறேன். சம்பளம் பரவாயில்லை. அங்கே இருக்கும் ஒரே ஊஞ்சலை நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

பழைய தோட்டக்காரன் எழுதியது:

அம்மா, நான் தோட்டக்கலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தம்பி லாஸ்பேட்டை சொன்னது சரி. அந்தப் பெயரில் நம்மிடம் நாற்காலி கிடையாது. வேலை மட்டும் இருக்கிறது, ஐந்து வீட்டில் பிரிந்து கிடக்கிறது.

ஊட்டி தாவரவியல் பூங்கா, ரோஜாப் பூங்கா, சென்னை செம்மொழிப் பூங்கா எல்லாம் தோட்டக்கலைத் துறை. பாண்டியில் பழைய பஸ் நிலையத்துப் பக்கம், பிரெஞ்சுக்காரர்கள் 1826-ல் போட்ட தாவரவியல் பூங்கா, வேளாண் துறை. பிச்சாவரத்தில் படகு சுற்றுலாக் கழகத்துடையது, அது போகிற காடு வனத்துறையுடையது. உங்கள் பேட்டைப் பூங்கா உள்ளாட்சி. ஊசுட்டேரியை எடுத்துக்கொள். தண்ணீர் ஒன்றுதான். பாண்டிப் பகுதியை 2008-ல் சரணாலயம் ஆக்கினார்கள், தமிழ்நாட்டுப் பகுதியை 2014-ல். ஒரு நீர்க்காகம் சிறகு விரித்துக் காயவைத்துக்கொண்டே எந்த அரசின் விருந்தாளி என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும்.

ஆகவே எந்த வீட்டுக்குள் போக ஆசை என்பதை முதலில் முடிவு செய். தோட்டக்கலை அலுவலர் பதவிக்குத் தோட்டக்கலை பட்டம் வேண்டும், தாவரவியலை ஏற்க மாட்டார்கள். நீ அந்த பஸ்ஸை விட்டுவிட்டாய். ஆனால் இந்திய வனப்பணித் தேர்வுக்குத் தாவரவியல் செல்லும். காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சூழலியல் துறையும் இருக்கிறது, சுற்றுலாத் துறையும் இருக்கிறது. அங்கே எம்.எஸ்சி. சேர சி.யு.இ.டி. என்கிற மத்தியப் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பூங்காவும் மனிதரும் சேர்ந்த விஷயத்தை ஆய்வுத் தலைப்பாக வைத்துக்கொள்ளலாம். அமெரிக்கா அதற்கு அப்புறமும் அங்கேதான் இருக்கும்.

இன்னொன்று. தாவரவியலைக் குறைத்து மதிப்பிடாதே. 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் நம் தலைமேல் கடந்தபோது நீ சின்னப் பிள்ளையாக இருந்திருப்பாய். நான் பார்த்துக்கொண்டிருந்த வளாகத்தில் குல்மோகர் ஒன்றுகூட மிஞ்சவில்லை, வேரோடு படுத்துவிட்டது. புன்னையும் புங்கமும் கிளை இழந்து நின்றன. பனைக்கு ஒன்றுமே இல்லை. அடுத்த வருடம் மறுபடி எதை நட்டோம் தெரியுமா? சீக்கிரம் பூக்கும் என்று குல்மோகர். நான் ஃபைலில் எழுதினேன், மேலே போன ஃபைல் மேலேயே இருக்கிறது.

முதுநகர் எழுதியது:

மாமா கேட்டது ஒன்றும் தப்பில்லை, நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். பூங்காப் பராமரிப்பு இன்று பெரும்பாலும் கான்ட்ராக்ட். ஒரு வாட்ச்மேன், ஒரு தண்ணீர் ஊற்றும் அம்மா, அவ்வளவுதான். அந்த வாட்ச்மேன் மதியம் சாப்பிட வீட்டுக்குப் போவதால்தான் கேட்டைப் பூட்டுகிறார்கள் என்பது என் கணிப்பு. இதற்கு எம்.எஸ். எதற்கு?

ஆனால் ஒன்று சொல்கிறேன். 3,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால் 10 சதவீதம் ஓ.எஸ்.ஆர். என்று திறந்தவெளிக்கு விட வேண்டும். மனை விற்றவர்கள் ஓடையோரம், குழி, மூலைமுடுக்கு என்று பார்த்து அந்த இடத்தை ஒதுக்கியிருப்பார்கள். உங்கள் பூங்கா இருக்கும் இடத்தின் லட்சணத்தை வைத்தே சொல்லிவிடலாம். அந்த நோட்டைச் சும்மா வைத்திருக்காதே, வார்டு கவுன்சிலரிடம் காட்டு. கடலூர் 2021-லேயே மாநகராட்சி ஆகிவிட்டது, இன்னும் மதியம் பூங்காவைப் பூட்டுகிறோம் என்றால் வெட்கக்கேடுதான்.

கெடிலக்கரை எழுதியது:

அண்ணா, ஐயா, எல்லாருக்கும் நன்றி. பதில் போட மூன்று வாரம் ஆகிவிட்டது, செமஸ்டர்.

சி.யு.இ.டி.க்குப் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். சூழலியல்தான். பாண்டியில் பஸ் மாறிக் காலாப்பட்டு போய்வர வேண்டும் என்றதும் அம்மா பி.எட்.டை விட்டுவிட்டு ஹாஸ்டல் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார், அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அமெரிக்கா இப்போதைக்கு இல்லை. லாஸ்பேட்டை அண்ணா சொன்ன பிறகு எங்கள் பூங்கா ஊஞ்சலில் போய்ப் பார்த்தேன். நாணயமே தேவைப்படவில்லை, கொக்கிக்குள் என் சுண்டுவிரல் போகிறது. படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

முதுநகர்க்காரர் கணிப்பு சரி, வாட்ச்மேன் சாப்பிடத்தான் போகிறார். நோட்டையும் படத்தையும் கவுன்சிலரிடம் காட்டினேன். ஊஞ்சலை அன்றைக்கே கழற்றிவிட்டார்கள், எப்போது திரும்ப மாட்டுவார்கள் என்று தெரியவில்லை. பிள்ளைகள் என்னைத்தான் திட்டுகிறார்கள். கேட்டை இப்போது ஒன்றிலிருந்து இரண்டரைவரை மட்டும் பூட்டுகிறார்கள்.

தாத்தா இன்னும் மதகிலேயே உட்காருகிறார். கேட்டால், பெஞ்ச் சுடுகிறதாம்.