கொலீஜியம் இரண்டாவது முறை அனுப்பியும் ஒரு பெயர் நிற்பது எப்படி?

அல்லிக்குளம்:

வணக்கம். கொலீஜியம் (நீதிபதி பதவிக்குப் பெயர் பரிந்துரைக்கும் மூத்த நீதிபதிகள் குழு) ஒரு பெயரை மறுபடியும் அனுப்பிவிட்டால் அரசு நியமித்தே ஆக வேண்டும் என்றுதான் படித்திருக்கிறேன். ஆனால் வழக்கறிஞர் ஆர். ஜான் சத்யன் பெயரை 2022 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் பரிந்துரைத்தார்கள். உளவுத்துறை அறிக்கையில், பிரதமரை விமர்சித்த கட்டுரையை அவர் பகிர்ந்ததாகக் குறை வந்தது. கொலீஜியம் அதை ஏற்காமல் 2023 ஜனவரி 17 அன்று திரும்ப அனுப்பியது. அன்று புதிதாகப் பரிந்துரைத்த சிலரைவிட இவருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் எழுதியது. பிப்ரவரி 7 அன்று ஐந்து பேர் பதவியேற்றார்கள், அதில் இவர் இல்லை. எந்த விதியைப் பிடித்துக்கொண்டு நிறுத்துகிறார்கள்? தகுதி, தகுதி என்கிறார்களே, அதை யார், எதை வைத்து அளக்கிறார்கள்?

வக்காலத்து:

நிறுத்த விதியே தேவையில்லை நண்பரே. கோப்பு போகும் வழியைப் பாருங்கள்.

உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி, அடுத்த இரண்டு மூத்த நீதிபதிகளுடன் கலந்து பெயரை அனுப்புவார். காலியிடம் வர 6 மாதம் இருக்கும்போதே தொடங்க வேண்டும் என்பது விதி. முதல்வர், ஆளுநர் வழியாக மாநிலத்தின் கருத்து வர 6 வாரம். வராவிட்டால், சொல்ல ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டு மத்திய சட்ட அமைச்சர் மேலே நகர்த்தலாம். பிறகு உளவுத்துறை அறிக்கையோடு உச்ச நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே தலைமை நீதிபதியும் இரண்டு மூத்த நீதிபதிகளும் முடிவெடுப்பார்கள். அந்த உயர் நீதிமன்றத்தை அறிந்த மற்ற நீதிபதிகளின் கருத்தையும் எழுத்தில் வாங்குவார்கள். கடைசியாகச் சட்ட அமைச்சகம், பிரதமர், குடியரசுத் தலைவர்.

'கெடு தாண்டினால் சம்மதம் என்று கொள்ளலாம்' என்கிற வரி மாநிலத்துக்கு மட்டும்தான் இருக்கிறது. மத்திய அரசுக்கு அப்படி ஒரு வரி இல்லை. ஓட்டை அங்கேதான்.

2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதை அடைக்கப் பார்த்தது. உளவுத்துறைக்கு 4 முதல் 6 வாரம்; அதன் பிறகு மத்திய அரசு கோப்பை அனுப்ப 8 முதல் 12 வாரம்; கொலீஜியம் ஒருமனதாகத் திரும்ப அனுப்பினால் 3 முதல் 4 வாரத்தில் நியமனம். மீறினால் என்ன ஆகும் என்று அதிலும் சொல்லவில்லை. நீதிமன்ற அவமதிப்பு மனு வந்தது, விசாரணையும் நடந்தது. யாரும் தண்டிக்கப்படவில்லை. அரசு 'மாட்டோம்' என்று எழுதினால்தான் காரணம் கேட்க முடியும். எழுதாமல் வைத்திருந்தால் எதைக் கேள்வி கேட்பது?

கோப்புக்கட்டு:

இதோடு பட்டியலைப் பிரிப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் கணக்கில் தாமதத்தைவிட அதுதான் கெடுதல்.

கொலீஜியம் பெயர்களை ஒரு வரிசையில் அனுப்பும். அரசு அதில் நாலை எடுத்து அறிவிக்கை போட்டுவிட்டு, ஒன்றை வைத்துக்கொள்ளும். பணிமூப்பு பதவியேற்ற நாளிலிருந்து கணக்காவதால், பிறகு வருகிறவர் கீழே போய்விடுகிறார். 2018 ஜனவரி 10 அன்று கே.எம். ஜோசப், இந்து மல்ஹோத்ரா இருவரையும் உச்ச நீதிமன்றத்துக்குப் பரிந்துரைத்தார்கள். மல்ஹோத்ரா ஏப்ரல் 27-இல் பதவியேற்றார். உத்தராகண்டில் குடியரசுத் தலைவர் ஆட்சியை 2016-இல் ரத்து செய்த ஜோசப்பின் பெயர் திரும்பி வந்தது. மறுபடி அனுப்பி ஆகஸ்ட் 7 அன்று பதவியேற்றபோது, இந்திரா பானர்ஜி, வினீத் சரண் இருவருக்கும் பின்னால்தான் இடம் கிடைத்தது.

உயர் நீதிமன்றத்தில் இன்னும் ஆழமாக வெட்டும். ஓய்வு வயது 62. நாற்பதுகளின் பிற்பகுதியில் வருகிற ஒருவர், முதல் மூன்று இடத்துக்குள் வந்து அடுத்த தலைமுறை நீதிபதிகளைத் தேர்வு செய்கிற கொலீஜியத்தில் உட்காருவாரா என்பதை இந்தச் சில மாதங்களே தீர்மானித்துவிடும். காத்திருந்து அலுத்தவர்களும் உண்டு. கர்நாடகத்தின் வழக்கறிஞர் ஆதித்ய சோந்தி, இரண்டாவது முறை அனுப்பிய பிறகும் நியமனம் வராமல் 2022 பிப்ரவரியில் சம்மதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

செந்தாழை:

தகுதி பற்றிய கேள்விக்கு வருகிறேன். இதில் அரசை மட்டும் குறை சொன்னால் நியாயமில்லை.

மாவட்ட நீதிபதியாக இருந்து வருகிறவர்களுக்கு ரகசிய அறிக்கைகள் இருக்கின்றன, அவர்கள் எழுதிய தீர்ப்புகளைப் படித்து மதிப்பிடுகிற குழு இருக்கிறது. ஆனால் உயர் நீதிமன்ற இடங்களில் மூன்றில் இரண்டு பங்கு வழக்கறிஞர்களுக்குத்தான் போகிறது. அவர்களுக்கு அளவுகோல் மெலிந்தது. அரசியல் சாசனம் கேட்பது உயர் நீதிமன்றத்தில் 10 ஆண்டு வழக்கறிஞர் தொழில். அதற்கு மேல் வயது, வருமானம், அவர் வாதாடி அச்சில் வந்த தீர்ப்புகள், மூன்று மூத்த நீதிபதிகள் அவரைப் பற்றி வைத்திருக்கும் எண்ணம். தலைமை நீதிபதி பெரும்பாலும் வெளிமாநிலத்திலிருந்து வருகிறவர், சில மாதங்களிலேயே மாறிப் போகிறவரும் உண்டு. அவருக்கு இந்த ஊர் வழக்கறிஞர்களை எப்படித் தெரியும்? தினமும் கண்ணில் படுகிறவரைத்தான் தெரியும். தினமும் கண்ணில் படுகிறவர் யார்? அரசு பிளீடர், கூடுதல் அரசு வழக்கறிஞர். ஆட்சி மாறினால் மாறுகிற பதவி அது. ஆக, கோப்பு டெல்லிக்குப் போவதற்குப் பல ஆண்டு முன்பே அரசியல் உள்ளே வந்துவிடுகிறது. அரசு வழக்கறிஞர் நியமனத்தில் முறையான தேர்வு வேண்டும் என்று பஞ்சாப், ஹரியானா வழக்கில் 2016-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிவில் கோர்ட்டில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதில் கைதேர்ந்த ஒரு மாவட்ட வழக்கறிஞர் இந்த மூவர் கண்ணில் படவே வழியில்லை.

2017 அக்டோபரில் தீர்மானங்களை வெளியிடத் தொடங்கினார்கள். 2024 டிசம்பரிலிருந்து உச்ச நீதிமன்றக் கொலீஜியம் பரிந்துரைக்கப்பட்டவர்களை நேரில் அழைத்துப் பேசுகிறது. நல்லதுதான். ஆனால் யாரோடு ஒப்பிட்டு இவரை எடுத்தார்கள் என்பது இன்னும் வெளியே வருவதில்லை.

அல்லிக்குளம்:

நன்றி. அப்படியானால் தகுதியில்லாதவரை நியமித்தால் வழக்குப் போட்டு நிறுத்த முடியுமா?

வக்காலத்து:

சாசனம் கேட்கிற தகுதி இல்லையென்றால் முடியும். கௌஹாத்தி உயர் நீதிமன்றத்துக்கு நியமன ஆணை வாங்கிய ஒருவர், நீதித்துறைப் பதவி வகித்தவரே இல்லை என்று 1992-இல் அந்த ஆணையை ரத்து செய்தார்கள். பொருத்தமானவரா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகாது; நீங்கள் சொன்ன ஐவரில் ஒருவரான விக்டோரியா கௌரியின் நியமனத்தை எதிர்த்த மனுக்கள் 2023 பிப்ரவரி 7 அன்று அதனால்தான் விழுந்தன.

கலந்தாலோசனை சரியாக நடந்ததா என்றால் கேட்கலாம். இமாச்சலில் இரண்டு மூத்த மாவட்ட நீதிபதிகளின் பெயரை மறுபரிசீலனை செய்யச் சொல்லி உச்ச நீதிமன்றக் கொலீஜியம் அனுப்பியபோது, உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி தனியாகப் பதில் எழுதிவிட்டார். மூவரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. வழக்குப் போடுவதென்றால் யார் கையெழுத்து எந்தத் தேதியில் விடுபட்டது என்று தேடுங்கள்.