பிரசவ விடுமுறைச் சம்பளம் யார் பொறுப்பு? பெண் பொறியியலாளர்களைப் பற்றி ஒரு விவாதம்

தெஹிவளைப் பொறியியலாளர்:
ஆறு ஆண்டுகள் கட்டுமானத் தளங்களில் வேலை செய்தவள் நான். அண்மையில் கொழும்பிலுள்ள ஒரு நிறுவனத்தின் நேர்முகத் தேர்வில் அத்திவாரத்தைப் பற்றி ஒரு கேள்வியும், நான் எப்போது பிள்ளை பெற எண்ணியிருக்கிறேன் என்பது பற்றி மூன்று கேள்விகளும் கேட்டார்கள். பிரேமளா சிவசேகரம் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்று இந்நாட்டின் முதல் பெண் பொறியியலாளரானது 1964இல். அறுபது ஆண்டுகள் கடந்த பின்னரும் எங்கள் தகுதி கருப்பையை வைத்து அளக்கப்படுவது நியாயமா?

கொள்ளுப்பிட்டி ஓய்வூதியர்:
பிள்ளை, அந்தக் கேள்விகள் தவறானவை. அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ஒரு தேர்வுக் குழுவின் பண்பின்மையை முழுத் துறையின் குற்றமாக்குவதை ஏற்க மாட்டேன். உயர்தரப் பரீட்சை விடைத்தாளில் இருப்பது சுட்டெண் மட்டுமே, ஆணா பெண்ணா என்று திருத்துபவருக்குத் தெரியாது. நமது பல்கலைக்கழகங்களில் பெண்களே பெரும்பான்மை. பொறியியல் பீடங்களில் அவர்கள் குறைவென்றால், பலர் உயிரியல் பிரிவை விரும்பித் தெரிவதும் ஒரு காரணம். அமெரிக்காவில் வில்லியம்ஸ், செசி என்ற ஆய்வாளர்கள் பேராசிரியர் நியமனம் பற்றி 2015இல் வெளியிட்ட ஆய்வில், சமதகுதியுள்ள இருவரில் பெண்ணையே பேராசிரியர்கள் இரண்டுக்கு ஒன்று என்ற அளவில் விரும்பினார்கள். ஒதுக்கீடு வந்தால், திறமையால் வந்த பெண்ணையும் "கோட்டாவில் வந்தவள்" என்பார்கள்.

தெஹிவளைப் பொறியியலாளர்:
ஐயா, ஒதுக்கீட்டை நான் கேட்கவேயில்லை. நீங்கள் காட்டிய ஆய்வில் இருந்தவர்கள் மிகச் சிறந்தவர்களாகச் சித்திரிக்கப்பட்ட பேராசிரியர் பதவி விண்ணப்பதாரிகள். 2012இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், ஆய்வுகூட முகாமையாளர் பதவிக்கான ஒரே விண்ணப்பம் ஜான், ஜெனிஃபர் என்ற இரு பெயர்களில் 127 விஞ்ஞானப் பேராசிரியர்களிடம் கொடுக்கப்பட்டது. ஜெனிஃபருக்கு முன்மொழியப்பட்ட ஆண்டுச் சம்பளம் ஏறத்தாழ 3,700 டொலர் குறைவு. பெண் பேராசிரியர்களும் அப்படியே செய்தார்கள். உச்சத்தை எட்டிய பெண்ணுக்கு ஐயத்தின் பலன் தேவையில்லை. தொழிலைத் தொடங்கும் சாதாரணப் பெண்ணுக்குத்தான் அது தேவை, அவளுக்கோ அது கிடைப்பதில்லை.

வத்தளை முதலாளி:
பன்னிரண்டு பேர் வேலை செய்யும் சிறு வடிவமைப்பு நிறுவனம் ஒன்றை நடத்துகிறேன். உண்மையைச் சொல்கிறேன், திட்டினாலும் பரவாயில்லை: நானும் தயங்கியிருக்கிறேன். 84 நாள் பிரசவ விடுமுறைச் சம்பளம் முழுவதும் முதலாளியின் பையிலிருந்தே போகிறது. 2018 திருத்தத்துக்குப் பின் எத்தனையாவது பிள்ளையானாலும் அதே 84 நாள். தனியார் துறையில் தந்தைக்குச் சட்டப்படி ஒரு நாளும் இல்லை. ஆகவே கணக்குப் புத்தகத்தில் பெண் மட்டுமே செலவாகத் தெரிகிறாள். வியட்நாமில் இந்தப் பணத்தைச் சமூகக் காப்புறுதி நிதியம் கொடுக்கிறது. இங்கும் அப்படியிருந்தால் அந்த மூன்று கேள்விகளைக் கேட்க எனக்குக் காரணமே இராது.

ஆய்வுகூடத்திலிருந்து:
ஆராய்ச்சியிலும் இதே கதைதான். இலங்கை ஆய்வாளர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்கள். உலகளவில் பார்த்தால் நல்ல நிலை. ஆனால் தகுதிகாண் விரிவுரையாளர் குறித்த காலத்துக்குள் பட்டப்பின் படிப்பை முடித்தாக வேண்டும், அந்தக் காலமோ பிள்ளை பெறும் வயதோடு மோதுகிறது. ஆய்வுக்கு நிதி வழங்கும் ஐரோப்பிய ஆய்வு மன்றம் தாயான விண்ணப்பதாரிக்கு விண்ணப்பிக்கும் கால எல்லையில் பிள்ளை ஒன்றுக்கு 18 மாதம் கூட்டிக் கொடுக்கிறது.

கொள்ளுப்பிட்டி ஓய்வூதியர்:
கால நீட்டிப்பை ஏற்கிறேன். தளத்தின் நிலை வேறு. பகல் நெரிசலுக்கு அஞ்சி இரவில் கொங்கிறீற் ஊற்றும்போது பொறுப்பாளர் விடியும்வரை அங்கே நின்றாக வேண்டும்.

தெஹிவளைப் பொறியியலாளர்:
நின்றிருக்கிறேன், ஐயா. கொங்கிறீற் எனக்குத் தொல்லை தரவில்லை. தாழ்ப்பாள் இல்லாத ஒரே கழிப்பறையும், அதிகாலை இரண்டு மணிக்கு வீடு திரும்ப வாகனம் இல்லாததும்தான் தொல்லை.

கொள்ளுப்பிட்டி ஓய்வூதியர்:
எனக்கு எப்போதும் ஜீப்பும் சாரதியும் இருந்ததால் அதை நினைத்துப் பார்த்ததில்லை. அது என் பிழை. ஆனால் முதலாளி சொன்ன, பிரசவ விடுமுறைச் சம்பளம் கொடுக்கும் நிதியத்தை எதிர்ப்பேன். ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் என முதலாளி ஏற்கெனவே கட்டுகிறார். இன்னொரு அறவீடு வந்தால் சிறு நிறுவனங்கள் ஆளெடுப்பதையே நிறுத்திவிடும்.

வத்தளை முதலாளி:
புதிய அறவீடு எதற்கு, ஐயா? அந்த 3 வீதத்திலிருந்தே ஒரு சிறு பங்கை ஒதுக்கலாமே. கட்டுவது நான்தான், எனக்கு ஆட்சேபனையில்லை.