அம்பியூலன்ஸ் கடமையில் உடம்பில் எது, பையில் எது? தற்காப்புக்கு ஏதாவது வைத்திருக்கலாமா?

பனிமலர் கேட்டது:

வணக்கம். அடுத்த மாதம் ஹட்டன் பக்கம் அவசர மருத்துவ உதவியாளராக வேலை தொடங்குகிறேன். வண்டிக்குள் என்னென்ன இருக்க வேண்டும் என்ற பட்டியல் பயிற்சியிலேயே கிடைத்துவிட்டது. தெரிய வேண்டியது வேறு. வண்டி கொழுந்து நிறுக்கும் மடுவத்தோடு நின்றுவிடும், தொழிலாளர் குடியிருக்கும் லயம் இன்னும் மேலே இருக்கும். அங்கே ஏறிப் போகும்போது உடம்பில் எதை வைத்திருப்பது, பையில் எதைப் போடுவது, எதை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போகலாம்?

இரண்டாவது கேள்வி. சம்பள நாள் இரவு, கசிப்பு என்கிற கள்ளச் சாராயம், குடும்பச் சண்டை என்று வரும் அழைப்புகளுக்கும் போகத்தான் வேண்டும். வீட்டில் மிளகாய் ஸ்ப்ரே ஒன்று வைத்துக்கொள் என்கிறார்கள். மடக்குக் கத்தி வைத்துக்கொள்ளச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். வெளிநாட்டில் துப்பாக்கியே வைத்திருக்கிறார்களாம். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மேல்பிரிவு எழுதியது:

தங்கச்சி, முதலில் சாமான் விஷயம். மற்றதைப் பிறகு யாராவது அடிபிடிப் படட்டும்.

பை கையை விட்டுப் போனாலும் வேலை நிற்கக் கூடாது. உடம்பில் இருக்க வேண்டியதை அந்தக் கணக்கில் முடிவு செய்யுங்கள். கையுறை, கத்தரிக்கோல், டூர்னிக்கே என்கிற இறுக்குப் பட்டி, நெற்றி டோர்ச், போன், பேனா. இவ்வளவுதான். இதற்கு மேல் இடுப்பில் தொங்குவதெல்லாம் படியில் இடறுவதற்கும் நோயாளியைத் தூக்கும்போது விலாவில் குத்துவதற்கும்தான்.

கையுறை ஆறு சோடியாவது ஸிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். மழையில் நனைந்த கையில் நைட்ரைல் கையுறை ஏறாது, இழுத்தால் கிழியும். அதே உறையில் ஒரு சின்னத் துணியும் இருக்கட்டும், கையைத் துடைத்துவிட்டுப் போடலாம். கறுப்புக் கையுறை பார்க்க அழகு, ஆனால் இருட்டில் நோயாளியின் முதுகுக்கடியில் கைவிட்டு இரத்தம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தால் அதில் ஒன்றும் தெரியாது. வெளிர் நீலம் அல்லது வெள்ளை எடுங்கள்.

கத்தரிக்கோல் முனை மழுங்கியதாக இருக்க வேண்டும். இங்கே வெட்ட வேண்டிவருவது மெல்லிய சட்டை அல்ல, இடுப்பில் கட்டிய படங்கு என்கிற தடித்த விரிப்பு, அதற்குள் கம்பளி, அதற்குள் இன்னொரு உடுப்பு. நடுவில் வெட்டப் பார்த்தால் கத்தரி மாட்டிக்கொள்ளும். ஓரத்திலிருந்து தையலோடு போங்கள். படங்கின் கயிற்றை முதலில் அறுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

டூர்னிக்கே இரண்டு. ஒன்று உடம்பில், ஒன்று பையில். தேயிலைச் செடியை நறுக்குகிற கவ்வாத்துக் கத்தியின் வெட்டு பெரும்பாலும் கத்தி பிடிக்காத கையில் அல்லது முழங்காலுக்குக் கீழே விழும். காயத்துக்கு 5 முதல் 7 சென்ரிமீற்றர் மேலே கட்டுங்கள், மூட்டின் மேல் கட்டாதீர்கள். இரத்தம் நிற்கும்வரை குச்சியை முறுக்குங்கள், நேரத்தை எழுதுங்கள். நோயாளி வலியில் கத்துவார். அதைக் கேட்டு அரைகுறையாகத் தளர்த்துவதுதான் அதிகம் நடக்கும் பிழை. அரைகுறை இறுக்கத்தில் நாளத்து இரத்தம் திரும்ப வழியில்லாமல் தேங்கும், நாடியிலிருந்து உள்ளே வருவது நிற்காது. பெருக்கு முன்னைவிடக் கூடும். ஒன்று போதாவிட்டால் அதற்கு மேலே இரண்டாவதைக் கட்டுங்கள். சேலைத் துண்டு, மெல்லிய கயிறு எல்லாம் தோலை அறுக்குமே தவிர நாடியை அடைக்காது.

டோர்ச்: பனிமூட்டத்தில் நெற்றியில் கட்டிய வெளிச்சம் அப்படியே கண்ணுக்குத் திரும்பி அடிக்கும், வெள்ளைச் சுவர்தான் தெரியும். ஏறும்போது கழற்றி இடுப்பளவில் தாழ்த்திப் பிடியுங்கள், வீட்டுக்குள் போன பிறகு நெற்றியில் மாட்டுங்கள். மாற்றுப் பெட்டரி லிதியம் வகையாக இருந்தால் குளிரில் சீக்கிரம் இறங்காது.

முதுகுப் பையில் இரத்த அழுத்தமானி, இரத்தத்தில் ஒக்சிஜன் பார்க்கும் ஒக்சிமீற்றர், சீனி பார்க்கும் குளுக்கோமீற்றர், கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக், மூச்சுப்பாதைக் குழாய் எல்லா அளவிலும், காயத்துக்குள் திணிக்கிற கோஸ், அழுத்தக் கட்டு, ஃபொயில் போர்வை, ஊசிமுனை போடும் டப்பா. கைப்பிடி தைத்த துணி ஸ்ட்ரெச்சரைச் சுருட்டி மேலே கட்டிவிடுங்கள். சில்லு வைத்த ஸ்ட்ரெச்சர் வண்டியிலேயே கிடக்கட்டும், லயத்துப் படியில் அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

குளுக்கோமீற்றர் பட்டி பலதும் 10 பாகை செல்சியசுக்குக் கீழே வேலை செய்யாது. நுவரெலியாப் பக்கம் விடியற்காலையில் மெஷின் எரர் காட்டினால் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். சட்டைக்குள் வைத்துச் சூடேற்றிவிட்டுத் திரும்பப் பாருங்கள். ஒக்சிமீற்றரும் அப்படித்தான், விறைத்த விரலில் பொய் எண் காட்டும். விரலைத் தேய்த்துச் சூடாக்குங்கள், அல்லது காது மடலுக்குரிய கிளிப்பைப் போடுங்கள்.

---

மடுவத்துத் தராசு எழுதியது:

மேல்பிரிவு அண்ணன் ஒக்சிஜனை விட்டுவிட்டார். தூரம் என்பதால் இங்கே கணக்குப் போடாமல் ஏறக் கூடாது.

680 லீற்றர் சிலிண்டர் நிமிடத்துக்கு 15 லீற்றர் விட்டால் 45 நிமிடம்தான். 6 லீற்றருக்கு இறக்கினால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. 2 லீற்றரில் ஐந்தரை மணி நேரம் வரும். மானியில் முள் பாதியில் நின்றால் இதெல்லாம் பாதி. மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு லயத்திலிருந்து ஆளைச் சுமந்து இறக்கி டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் 45 நிமிடம் கரைந்துவிடும். கண்டிக்கு மாற்றினால் கேட்கவே வேண்டாம். ஆகவே எல்லோருக்கும் 15 என்று திறந்துவிடாதீர்கள். ஒக்சிமீற்றரில் அளவு 94 முதல் 98 வீதத்துக்குள் வந்ததும் குறையுங்கள். விறகடுப்புப் புகையில் வருடக்கணக்கில் சமைத்து நுரையீரல் கெட்டுப்போன வயதான அம்மாமாருக்கு 88 முதல் 92 போதும். அவர்களுக்குக் கூடக் கொடுத்தால் மூச்சே மந்தமாகலாம். நுவரெலியா 1868 மீற்றர் உயரம், அங்கே நல்ல ஆரோக்கியமான ஆளுக்கும் எண் கொஞ்சம் குறைவாகக் காட்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

சிலிண்டரும் ரெகுலேற்றரும் சேரும் இடத்தில் ஒரு சின்ன வொஷர் இருக்கும். அது விழுந்தால் உஸ்ஸென்று முழு ஒக்சிஜனும் வெளியே போகும். மாற்று வொஷர் இரண்டையும் திறப்புச் சாவியையும் சிலிண்டர் கழுத்திலேயே நூலால் கட்டி வையுங்கள். கைக்குப் பூசும் ஸ்பிரிட் ஜெல், எண்ணெய், வெசலின் பட்ட கையோடு வால்வைத் தொடாதீர்கள், தீப்பிடிக்கும்.

அடுத்தது குளவி. நம் மலையில் இதுதான் பல பேரை ஒரேயடியாகச் சாய்ப்பது. தோட்டத்தில் குளவி என்று சொல்வதில் பாதி உண்மையில் பெரிய மலைத் தேனீ. கொடுக்கு தோலில் நின்றால் தேனீ, உடனே சுரண்டி எடுத்துவிடுங்கள், இடுக்கி தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். கூட்டம் அடங்காமல் மலைக்குள் இறங்காதீர்கள். வண்டிக் கண்ணாடியை ஏற்றிவிட்டு நில்லுங்கள், முகவலை இரண்டு வண்டியில் இருக்கட்டும்.

அட்ரினலின் 1:1000 குப்பி ஒரு மில்லிலீற்றர், அதில் ஒரு மில்லிகிராம். பெரியவருக்கு அதில் பாதிதான், 0.5 மில்லி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 0.3, அதற்குக் கீழே 0.15. சரிவராவிட்டால் ஐந்து நிமிடத்தில் திரும்ப. முழுக் குப்பியையும் ஒரேயடியாக ஏற்றுவது, நாளத்தில் ஏற்றுவது, இரண்டும் ஆளைக் கொல்லக்கூடிய பிழைகள். மிஞ்சிய அரை மில்லியை அதே ஊசியால் அடுத்தவருக்குப் போடுவதும் கூடாது. போடுவதற்கு உங்கள் சேவையின் டொக்டர் அனுமதி வேண்டும் என்றால் ஏறத் தொடங்கும்போதே அழையுங்கள், மேலே போன பிறகு சிக்னல் இருக்காது. இரண்டு வலையமைப்பின் சிம் போடுங்கள்.

இன்னொன்று. நம் ஆட்கள் நோயாளியைக் கதிரையில் உட்கார வைத்து அல்லது முதுகில் சுமந்துதான் இறக்குவார்கள். ஒவ்வாமையில் இரத்த அழுத்தம் விழுந்த ஆளை அப்படி நிமிர்த்தினால் இதயத்துக்கு இரத்தம் திரும்பாமல் அந்த நிமிடமே போய்விடலாம். படுக்க வைத்து, மட்டமாக, ஆறு பேர் பிடித்துக் கொண்டுவாருங்கள். மூச்சு முட்டுகிறவருக்கு மட்டும் முதுகுக்கு முண்டு கொடுத்து, காலை நீட்டி வையுங்கள்.

பாம்புக் கடிக்கு மேலே சொன்ன டூர்னிக்கேயைத் தொடவே வேண்டாம். கோப்பி விரியன் கடிக்கு இங்கே வருகிற இந்திய விஷமுறிவு மருந்து வேலை செய்யாது, ஆகவே ஊரில் என்ன சொன்னாலும் அதைத் தேடி அலையாமல் கையை அல்லது காலை அசையாமல் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

---

ஏழாம் கட்டை எழுதியது:

சாமான் எல்லாம் சரி. பிள்ளை கேட்ட இரண்டாவது கேள்வியை எல்லோரும் நைசாகத் தாண்டிப் போகிறீர்கள்.

பொலிஸ் வர நேரமெடுக்கும் இடங்கள் இவை. 1949 ஜெனீவா முதலாம் உடன்படிக்கையின் 22ஆம் பிரிவே மருத்துவப் பணியாளர் தங்களையும் தங்கள் பொறுப்பிலுள்ள காயக்காரரையும் காக்க ஆயுதம் வைத்திருக்கலாம் என்கிறது. டெக்சஸ் மாநிலம் 2017இல் தொண்டர் அவசரப் பணியாளருக்கு, உரிமம் இருந்தால், கைத்துப்பாக்கிக்கு இடம் கொடுத்தது. புளோரிடா 2019இல் பொலிஸ் அதிரடிப் படையோடு போகும் மருத்துவப் பணியாளருக்குக் கொடுத்தது. துப்பாக்கி வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு ஸ்ப்ரேயாவது வைத்திருக்க ஏன் விடக் கூடாது? வெறுங்கையோடு போ என்று சொல்கிறவர்கள் அந்த லயத்துக்கு ஏறப் போவதில்லை.

---

மேல்பிரிவு எழுதியது:

ஏழாம் கட்டை, ஜெனீவா போர்க்களத்துச் சட்டம். அங்கேயும் காப்பதற்கு மட்டும்தான். புளோரிடாக்காரர் பொலிசோடு கதவை உடைத்துக்கொண்டு போகிற ஆள். நம் பிள்ளை போவது சீனி இறங்கி மயங்கிக் கிடக்கும் ஒரு தாத்தாவிடம். இங்கே சுடுகலனுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஸ்ப்ரேக்கு வருவோம். லயக் காம்பராவுக்கு ஒரு கதவு, பெரும்பாலும் ஒரு சின்ன ஜன்னல். அதற்குள் அடித்தால் அடித்தவருக்கும் சேர்த்துத்தான் கண் எரியும், மூலையில் படுத்திருக்கும் ஆஸ்துமாக்காரருக்கு மூச்சு நிற்கும். வண்டிக்குள் அடித்தால் சாரதியும் போச்சு, வளைவு நிறைந்த ரோட்டில் அது என்னவாகும் என்று யோசியுங்கள். கத்தி இன்னும் மோசம். நோயாளியோடு ஒரு முழ தூரத்தில் இரண்டு கையும் வேலையாக இருக்க, இடுப்பில் இருப்பது உங்களுக்கு எவ்வளவு எட்டுமோ அவருக்கும் அவ்வளவு எட்டும்.

முக்கியமான விஷயம் இது. கை ஓங்குகிற ஆளில் கணிசமானவர் நோயாளியே. சீனி 70க்குக் கீழே இறங்கினவர், வலிப்பு வந்து இப்போதுதான் தெளிகிறவர், தலையில் அடிபட்டவர், ஒக்சிஜன் குறைந்தவர், குடியைத் திடீரென்று விட்டவர். கசிப்பு மணக்கிறது என்பதற்காகக் குடிவெறி என்று எழுதிவிடாதீர்கள், விரலில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பாருங்கள். குடிகாரருக்கும் சீனி இறங்கும், அவர்களுக்குத்தான் கூடுதலாக இறங்கும்.

---

ஏழாம் கட்டை எழுதியது:

நோயாளி சரி. அவருடைய மச்சான் மண்வெட்டிப் பிடியோடு வாசலில் நின்றால்? அவருக்கும் விரலில் குத்திப் பார்ப்பதா?

---

கடைசி வளைவு எழுதியது:

அந்த மச்சானுக்காகத்தான் வண்டியை எப்படி நிறுத்துகிறோம் என்பதில் தொடங்க வேண்டும். தோட்டத்து ரோட்டுக்கள் பல முட்டுச்சந்து. ஆளை ஏற்றின பிறகு திருப்பலாம் என்று விடாதீர்கள், பின்பக்கமாக ஏறி முகப்பு கீழே பார்க்க நிறுத்துங்கள். சாவி சாரதியிடம் மட்டும்.

சண்டை, வெட்டு என்று அழைப்பில் வந்தால் பொலிசுக்கும் அதே நேரத்தில் சொல்லச் சொல்லுங்கள், மடுவத்தில் காத்திருங்கள். காத்திருப்பது கடமை தவறுவது அல்ல. தோட்டத் தலைவர் அல்லது கங்காணி ஒருவரைக் கூப்பிட்டுக்கொண்டு ஏறுங்கள். வெறியில் இருக்கிறவன் சீருடையை மதிக்காவிட்டாலும் தலைவர் சொன்னால் அடங்குவான்.

கதவைத் தட்டும்போது நிலைக்கு நேரே நிற்காமல் ஓரமாக நில்லுங்கள். உள்ளே போனால் கதவு உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும், நோயாளியைச் சுற்றி மறுபக்கம் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போடாதீர்கள், பிடித்து இழுக்க அதைவிட வசதி வேறில்லை. அடையாள அட்டை நாடா இழுத்தால் கழன்று விழும் வகையாக இருக்கட்டும். பையை இரண்டு தோளிலும் மாட்டாமல் ஒரு தோளில் போட்டு உள்ளே போங்கள். நிலைமை கெட்டால் பையைப் போட்டுவிட்டு இறங்கிவிடலாம், ஆம்பு பேக்கை நாளைக்கும் வாங்கலாம். நீங்களும் துணை ஆளும் ஒரு சொல்லை முன்கூட்டியே பேசி வையுங்கள். "பச்சைப் பையை எடுத்து வா" என்றால் உடனே வெளியேறு என்று அர்த்தம், மற்றவர்களுக்கு ஒன்றும் விளங்காது.

குத்துத் தடுப்பு அங்கி பற்றி யாராவது கேட்பார்கள். லண்டனில் கொடுக்கிறார்கள். 2, 3 கிலோ எடையோடு குனிந்து ஸ்ட்ரெச்சர் தூக்கி இந்தப் படியில் இறங்கிப் பாருங்கள், கத்திக்குத் தப்பி முதுகு போகும். இங்கிலாந்தில் ஆயுதத்துக்குப் பதில் சட்டத்தைத்தான் கடுமையாக்கினார்கள். அவசரப் பணியாளரைத் தாக்கினால் கிடைக்கும் உச்ச தண்டனையை 2018இல் ஒரு வருடமாகவும் 2022இல் இரண்டு வருடமாகவும் கூட்டினார்கள். சட்டையில் மாட்டும் கமராவும் வந்தது. நம் பக்கம் கேட்டு வாங்க வேண்டியது அந்தக் கமராவையும் இரண்டாவது ஆளையும்தான் என்பது என் எண்ணம்.

---

பனிமலர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஸ்ப்ரே வாங்கவில்லை. இன்னும் ஒன்று: கவ்வாத்து மலையில் விழுந்த ஆளின் இடுப்பிலேயே கத்தி இருக்குமே, அதை என்ன செய்வது?

---

கடைசி வளைவு எழுதியது:

வண்டிக்குள் ஏற்றாதீர்கள். அது அவருடைய தொழிற்கருவி, தொலைந்தால் அடுத்த நாள் வேலைக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும், ஆகவே எறியவும் கூடாது. நினைவோடு இருந்தால் கேட்டுவிட்டுக் கழற்றுங்கள். கேட்காமல் இடுப்பில் கை வைத்தால்தான் சண்டை வரும். அலகைச் சாக்கில் சுற்றி, கூட வேலை செய்கிறவரிடமோ கங்காணியிடமோ கொடுத்து, யாரிடம் எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்று நோயாளி அறிக்கையில் எழுதுங்கள். வெட்டு இன்னொருவர் வெட்டியது என்ற சந்தேகம் இருந்தால் கத்தியைத் தொடாமல் கிடந்த இடத்திலேயே விட்டு, ஒருவரைக் காவல் வைத்து, பொலிசுக்குக் காட்டச் சொல்லுங்கள். உடுப்பை வெட்டும்போதும் கத்தி போன ஓட்டை வழியாகக் கத்தரியை விடாமல் தள்ளி வெட்டுங்கள், சட்ட வைத்திய அதிகாரி அந்த ஓட்டையைப் பார்க்க வேண்டிவரும்.