காங்கேயம் கல்லுக்கு வெள்ளி மோதிரம்: யோசனை சொல்லுங்க

வணக்கங்க. மாதம் ஒரு நகை, எல்லாமே கைவேலை என்று எனக்கு நானே ஒரு சவால் வைத்துச் செய்துவருகிறேன். இந்த முறை காங்கேயம் பக்கத்துச் சந்திரகாந்தக் கல்லில் (மூன்ஸ்டோன்) வெள்ளி மோதிரம். சென்னிமலைக்குப் பக்கத்தில், கொடுமணலில் 2,000 வருடங்களுக்கு முன்பே கல்லைத் துளைத்து மணி செய்திருக்கிறார்கள். அந்த மண்ணில் இருந்துகொண்டு வெளியூர்க் கல்லைத் தேட மனசு ஒப்பவில்லை.

கல்லின் குணம்தான் சிக்கல். கடினம், வைரத்துக்கு 10 என்று வைக்கும் மோஸ் அளவில் 6 முதல் 6.5 வரைதான், அதிலும் இரண்டு திசையில் சுலபமாகப் பிளக்கும். சூடும் ஆகாது. அதனால் பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கும் வேலையெல்லாம் முடிந்த பிறகே கல்லை உட்கார வைக்கப்போகிறேன். கல்லைச் சுற்றிப் பிடிக்கும் வெள்ளி விளிம்பை அதன்மேல் மடக்கும்போதுதான் பயம். 925 வெள்ளி (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு) விறைப்பானது. சுத்த வெள்ளித் தகடு சொன்னபடி வளையும், ஆனால் தினமும் போடும் மோதிரத்தில் சீக்கிரம் தேய்ந்துவிடாதா? எத்தனை மில்லிமீட்டர் கனம் சரியாக இருக்கும்?

அப்புறம், கோவை, கரூர் பக்கம் ஒன்றிரண்டு கல் என்றாலும் அடி தட்டையாக, மேலே குவிந்து இழைத்துத் தருபவர்கள் இருந்தால் சொல்லுங்க. கல்லுக்குள் மிதப்பதுபோல் தெரியும் அந்த நிலா ஒளி உச்சியில் வரும்படி பக்கம் பார்த்து அறுக்கத் தெரிந்தவராக இருக்கணும்.