மறுமொழி: 'சைக்கடெலிக்' எழுத்துருவுக்குத் தமிழ்ச்சொல் – நெளியெழுத்து

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம். 1960களின் இசைச் சுவரொட்டிகளில் உப்பி நெளிந்து வந்த 'சைக்கடெலிக்' எழுத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்குப் பெரம்பூர் நண்பர் எழுதியது இது:

> 'போதையெழுத்து' என்றே வைக்கலாம், எல்லோருக்கும் உடனே புரியும்.

பெரம்பூர் நண்பரே, புரியும் என்பதுதான் என் அச்சம். வடசென்னை என்றாலே கஞ்சாவும் கத்தியும் என்று எழுதிப் பழகியவர்களுக்கு நாமே ஒரு சொல்லை எடுத்துக் கொடுக்க வேண்டாம். வியாசர்பாடிப் பிள்ளைகளின் கால்பந்துப் போட்டிக்குச் சுவரொட்டி அடித்துவிட்டு, "இது போதையெழுத்து" என்று அவர்கள் அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

மூலச்சொல்லிலும் போதை இல்லை. 1950களில் ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்ற மனநல மருத்துவர் உருவாக்கிய 'சைக்கடெலிக்' என்ற சொல்லுக்குக் கிரேக்க வேர்ப்படி 'உள்ளத்தை வெளிப்படுத்துவது' என்று பொருள். அதையொட்டி நம் குழுவின் ஐயா தந்த 'உளவெளிப்பாட்டு எழுத்துரு' பிழையற்றது. ஆனால் வண்ணாரப்பேட்டை அச்சகத்தில் அது யார் வாயிலும் நிற்காது.

எழுத்தின் அமைப்பையே பார்ப்போம். வியன்னாவில் ஆல்ஃபிரட் ரோலர் 1903-இல் வரைந்த கண்காட்சிச் சுவரொட்டியில் எழுத்துகள் கட்டம் நிறைய உப்பி நிற்கும். நடுவிலுள்ள வெளி கீற்றாகச் சுருங்கிவிடும். சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் அரங்குக்கு வரைந்த வெஸ் வில்சன் அந்த முறையை எடுத்து நெளியவிட்டார். 1966-இல் 'தி அசோசியேஷன்' இசைக்குழுவுக்கு அவர் செய்த சுவரொட்டியில் பச்சைப் பரப்பின் மேல் சிவப்பெழுத்துகள் தீயாகவே எரிகின்றன. விக்டர் மாஸ்கோசோ எதிரெதிர் நிறங்களை ஒட்டவைத்து விளிம்புகளை அதிரச் செய்தார். எல்லாம் கையால் வரைந்தவை.

ஆகவே என் பரிந்துரை: நெளியெழுத்து. வட்டெழுத்துக்கு வடிவம்தானே பெயர் தந்தது? மோதிரத்தில் 'நெளி' என்றால் நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும்.

தமிழில் இதை வரைவோருக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். உப்பலில் முதலில் பலியாவது புள்ளி. அது போனால் 'கல்' 'கல' ஆகிவிடும். கொம்பின் மேற்சுழி அடைபட்டுப்போனால் 'கேடு' 'கெடு' ஆகும். சுழி ஒன்று மறைந்தால் ணகரம் னகரமாகும். புள்ளிக்கென்று தனி வெளியை முதலிலேயே ஒதுக்கிவிட்டு, பிறகு மற்றதை உப்பவிடுங்கள். நம் எழுத்து பிறவியிலேயே வளைவானது. நெளிவு அதற்கு அழகாகப் பொருந்தும். அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

கானாக் கச்சேரிச் சுவரொட்டி, பாட்டுத் தொகுப்பின் அட்டை, டீசர்ட் ஆகியவற்றில் ஓரிரு சொல் தலைப்புக்கு இது போதும். தேதி, இடம், தொலைபேசி எண் எல்லாம் சாதாரண எழுத்தில்தான் வரவேண்டும். டீக்கடை வாசலில் நிற்பவர் நின்று படிப்பார். எண்ணூர் நெடுஞ்சாலையில் பேருந்தில் போகிறவரால் முடியாது.

கையால் வரைந்தால் 'நெளியெழுத்து', கணினியில் நிறுவும் கோப்பானால் 'நெளி எழுத்துரு' என்று பிரித்துக்கொள்ளலாமா? ஐயாவும் மற்றவர்களும் கருத்துச் சொன்னால் நம் சொற்பட்டியலில் சேர்த்துவிடலாம்.

அன்புடன்,
ராயபுரத்திலிருந்து